பிஸ்கட் டப்பாவுக்குள் நான்கு மடை

நம் வயதுக்காரர்களுக்குத் திரீ பேஸ் கரண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் விளக்கு எரிய ஒரு முனை போதும். வயலில் மோட்டார் ஓட மூன்று முனையும் வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்து எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் நம்மிடம் சொன்னதில்லை. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அதைக் காதால்தான் தெரிந்துகொண்டோம். முதலில் தூரத்தில் ஒரு மோட்டார் உறுமும். பிறகு இன்னொன்று. சைக்கிள்கள் சந்தில் தடதடவென்று போகும். கொஞ்ச நேரத்தில் வயல்வெளி முழுக்க ஒரே ரீங்காரம்.

நான் சொல்லப்போவது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையை. கடைத்தெருவில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. கேபிள்காரர் தென்னைக்குத் தென்னை ஒயர் கட்டிக்கொண்டிருந்தார். வாலிபர்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டு சிங்கப்பூரையும் குவைத்தையும் பற்றிப் பேசினார்கள். ஆற்றில் மட்டும் எதுவும் வரவில்லை. மேட்டூர் திறப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வெண்ணாற்று மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள்.

ஆழ்துளைப் போர் போட்டவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டார்கள். அப்பாவும் விட்டார். நாற்றங்கால் கைக்குழந்தை மாதிரி. தண்ணீர் இல்லாவிட்டால் வெடிக்கும். அதிகம் நின்றால் முளை அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடவும் ஆள் வேண்டும், வயல் நிறைந்ததும் நிறுத்தவும் ஆள் வேண்டும். அதனால் அப்பா மோட்டார் கொட்டகையிலேயே குடியிருந்தார். சோறு அங்கே போகும். மழிக்காத தாடியோடு, கிரீஸ் வாசனையும் போர்த் தண்ணீரின் இரும்பு வாசனையுமாக வீட்டுக்கு வருவார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் எங்காவது ஒரு மோட்டார் உறுமும். எழுந்து ஓடுவார்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. தஞ்சாவூரில் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போர்டு செய்கிற பெங்களூர் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து பெண்களைத் தேர்வு செய்திருந்தது. அதில் அத்தையும் ஒருத்தி. ஹாஸ்டல் உண்டு, ஆடி பிறப்பதற்குள் வந்து சேர வேண்டும். அத்தை போகத் துடித்தாள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் போகாதே என்றுதான் அர்த்தம்.

கல்லூரிக்காக அத்தை செய்த புராஜெக்ட் எங்கள் டி.வி.யின் மேல் இருந்தது. பிளைவுட் பலகையில் ஒரு நாற்சந்தி, சிவப்பு, மஞ்சள், பச்சைக் குட்டி விளக்குகள். தானாக மாறி மாறி எரியும். நாங்கள் அதன் முன் உட்கார்ந்து தீப்பெட்டிகளை பஸ்ஸாக ஓட்டுவோம். அப்பாவுக்கு அது ஒரு கேலிப்பொருள்.

"நம்ம ஊர்ல எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தாலே ஊரே நின்னு பார்க்கும். இதுக்கு சிக்னல் வேறயா?"

ஒரு நாள் அத்தை திருப்பிக் கேட்டுவிட்டாள். "அப்ப நம்ம ஊருக்கு என்ன வேணும்னு சொல்லுங்கண்ணே. செஞ்சு காட்டறேன்."

பக்கத்தில் கீழ்வயல் பெரியம்மா இருந்தார். மோருக்காக வந்தவர். எங்கள் நாற்றங்காலுக்கு அடுத்த தாழ்ந்த வயல் அவர்களுடையது. பெரியப்பா குவைத்தில் லாரி ஓட்டினார். சொந்தக்காரர்கள் இல்லை, மாதா கோயில்காரர்கள். ஆனாலும் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் மகள் என் வகுப்பு.

அப்பா பெரியம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். "கேட்டீங்களா அண்ணி? நான் கொட்டகைக்குப் போகாம மோட்டாரைப் போட்டு நிறுத்திக் காட்டட்டும். அப்புறம் பெங்களூரைப் பத்திப் பேசலாம்."

"பேசலாம்னுதான் சொல்றாரு," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "அனுப்பறேன்னு சொல்லலை. கவனிச்சுக்க."

அத்தை கவனித்ததாகத் தெரியவில்லை. அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் முதலில் எழுதியது ஒரு சின்னப் பட்டியல். கரண்ட் உண்டா, இல்லையா? வயல் நிறைந்ததா, இல்லையா? இவை எத்தனை விதமாகச் சேரும் என்று வரிவரியாக எழுதினாள். நான்கு வரி வந்தது. அதில் ஒரே ஒரு வரியில்தான் மோட்டார் ஓட வேண்டும்: கரண்ட் இருக்கிறது, வயல் நிறையவில்லை. மற்ற மூன்றிலும் சும்மா கிடக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது, இவ்வளவுதான் விஷயம் என்றாள். அம்மா, "இதுக்கா மூணு வருஷம் ரயில்ல போனே?" என்றாள்.

சாமான் வாங்கத் தஞ்சாவூர் போகுமுன் சரிபார்க்க வேண்டும் என்று எங்களையே சர்க்யூட்டாக நிறுத்தினாள். நெல் அடிக்கிற களத்தில் கரித்துண்டால் கோடு போட்டாள். நான் வயலில் தண்ணீர்; நிறைந்தால் கையைத் தூக்க வேண்டும். பெரியம்மா மகள் எனக்கு நேர்மாறு. நான் தூக்கினால் அவள் இறக்க வேண்டும், நான் இறக்கினால் அவள் தூக்க வேண்டும். அம்மாவைக் கரண்ட்டாக இழுத்து வந்து நிறுத்தினோம். அம்மா கையும் பெரியம்மா மகள் கையும் ஒன்றாக மேலே இருந்தால் அத்தை மோட்டார் மாதிரி உறும வேண்டும்.

"நான் கரண்ட்டா? அப்ப நான் எப்ப வேணா வருவேன், எப்ப வேணா போவேன்," என்று அம்மா பாதியில் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். அத்தை உறுமலை நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா, கரெக்டா வேலை செய்யுது," என்றாள்.

கை வலித்துப்போன பெரியம்மா மகள் அப்போது கேட்டாள்: "அத்தை, எங்க வயலுக்கு யாரு கை தூக்கறது?"

"நீ உன் கையை ஒழுங்காத் தூக்கு முதல்ல."

எல்லோரும் சிரித்தோம். பின்னால் நடந்தது முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. பத்து வயசுப் பெண் கேட்டதால் அது கேள்வியாகத் தெரியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்த பையில் கறுப்பாக, வரிசைக் கால்களோடு, மல்லாந்த பூச்சி மாதிரி ஒரு ஐ.சி. இருந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"நாலு மடை இருக்குண்ணே. தண்ணிக்குப் பதிலா கரண்ட் போகும்."

அந்த மடைகளின் சுபாவம் விசித்திரமானது. ஒவ்வொன்றுக்கும் செய்தி வர இரண்டு கால்கள், பதில் சொல்ல ஒரு கால். வருகிற இரண்டும் 'ஆம்' என்றால் மட்டும் அது 'இல்லை' என்று சொல்லும். மற்ற எப்போதும் 'ஆம்'தான். அத்தைக்கு வேண்டியிருந்ததோ வெறும் நேர்மாறு. அதற்குக் கல்லூரியில் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: செய்தி வருகிற இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்துவிடு, 'ஆம்' போனால் 'இல்லை' வரும். அப்படியே செய்தாள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் எல்லாம் அடங்கியது. ஈயம் உருகும்போது எழும் குங்கிலியப் புகை இன்றும் எனக்குப் பிடித்த வாசனைகளில் ஒன்று. அந்த டப்பா எங்கே போனது என்று தெரியவில்லை.

நாற்றங்காலில் இரண்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை மூங்கில் குச்சியில் கட்டி நட்டாள். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால் டப்பாவுக்குச் செய்தி போகும். எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா குனிந்து குச்சியில் நகத்தால் கீறினார். "இதுக்கு மேல வேணாம். முளை தாங்காது."

அந்தக் கீறல், கீழ்வயலுக்குப் போகிற மடையின் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

கொட்டகையில் மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்த டப்பா வேலை செய்தது. கரண்ட் வந்தது, யாரும் போகாமல் மோட்டார் ஓடியது, யாரும் போகாமல் நின்றது. அப்பா வீட்டுக்குள் பாயில் படுத்துத் தூங்கினார். முகம் மழித்தார். டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்டு மோட்டாருக்குப் புத்தி வந்துடுச்சு," என்று சொன்னார். காலையில் ஒரு தடவை போய் எங்கள் நாற்றைப் பார்த்துவிட்டு, மேட்டு வரப்பிலிருந்தே திரும்பிவிடுவார். அத்தை டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அப்பா பார்த்தார். அப்படியே தாண்டி டீக்கடைக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒரு காலை பெரியம்மா வந்தார். வழக்கமாகக் கொல்லைப்புறமாக வருகிறவர், வாசல் வழியாக வந்தார். மடியிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து முற்றத்தில் போட்டார். நுனியெல்லாம் வெளுத்துச் சுருண்டிருந்தது. வேரோடு வெடித்த மண் பொருக்கு ஒட்டியிருந்தது.

"தம்பி, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன அண்ணி இது? யாரு வயல்ல இது?"

"என் வயல்லதான். அந்த மனுஷன் அங்க பாலைவனத்துல லாரி ஓட்டறாரு. இங்கயும் ஒரு பாலைவனம் பண்ணிட்டீங்க. மிஷினு வெக்கறவங்க அடுத்தவ நாத்தைக் காய வெக்கவா வெப்பாங்க?"

விஷயம் இதுதான். ஆற்றுப்பாசன நாளிலிருந்தே எங்கள் வயல் நிறைந்தால் மிச்சம் வரப்பு மடை வழியாக அவர்கள் வயலுக்குப் போகும். போர் போட்ட பிறகும் அது அப்படியே நடந்தது. அதை நம்பித்தான் போர் இல்லாத பெரியம்மாவும் நாற்று விட்டிருந்தார். அதற்குப் பதில் என்று ஒன்றும் பேசியதில்லை. ஆனால் எங்கள் அறுப்பு வண்டி அவர்கள் நிலத்தோரமாகத்தான் ரோட்டுக்கு ஏறும். அப்பா கொட்டகையில் இருந்தவரை, மோட்டாரை நிறுத்துவதற்குள் மடை தாண்டித் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும். அது தான் தருகிற தண்ணீர் என்று அவர் நினைத்ததே இல்லை. யாரும் சொல்லாத விஷயம் என்பதால் அத்தையின் பட்டியலிலும் அது ஏறவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"தண்ணியை வாய்விட்டுக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. நீங்களும் இத்தனை நாள் கேக்க வெச்சதில்லை."

அப்பா சட்டைகூடப் போடாமல் வயலுக்குப் போனார். ஸ்போக்ஸ் கம்பியைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். அன்றைக்கே மறுபடி கொட்டகையில் பாயை விரித்தார். அத்தை சாப்பாடு கொண்டு போனபோது, "போதும்மா உன் வெளையாட்டு. டிரங்குப் பெட்டியை எடுத்து உள்ள வை," என்றாராம்.

அத்தை மறுநாள் காலை முழுவதும் டப்பாவைத் திறந்து வைத்து மீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு ஒயர் விட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு தவறும் இல்லை. அவள் என்ன சொன்னாளோ அதை அது பிசகாமல் செய்திருந்தது. அப்போதுதான் அழுதாள். பெரியவர்கள் அவளைப் பற்றி அன்று இரண்டு விதமாகப் பேசினார்கள்: படித்த திமிரில் வேண்டுமென்றே செய்தாள் என்று தெருவிலும், விவரம் தெரியாத குழந்தை என்று வீட்டிலும். இரண்டுமே சரியில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒருவரை அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைக் கேட்கத்தான் சாயங்காலம் கீழ்வயலுக்குப் போனாள். நானும் போனேன். பெரியம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து நாற்றுக்குத் தெளித்துக்கொண்டிருந்தார். அத்தையும் ஒரு குடத்தை எடுத்தாள். இருவரும் மாறி மாறித் தெளித்தார்கள்.

"அண்ணி, உங்க வயலுக்கு எவ்வளவு தண்ணி நிக்கணும்?"

"ஏன், அளந்து ஊத்தப் போறியா?"

"ஆமா."

பெரியம்மா குடத்தை இறக்கினார். கணுக்கால் எலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அத்தை அதே உயரத்தைக் குச்சியில் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து புதுப் பட்டியல் போட்டாள். இப்போது கேள்வி மூன்று: கரண்ட், நம் வயல், அவர்கள் வயல். வரிகள் இரட்டிப்பாயின. கரண்ட் இருந்து, இரண்டு வயலும் நிறைந்திருந்தால் மட்டும் மோட்டார் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஓட வேண்டும். புதுச் சாமானுக்குத் தஞ்சாவூர் போக வேண்டுமே, அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று கையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சிரித்தாள். இரண்டு பக்கமும் 'ஆம்' என்றால் மட்டும் 'இல்லை' சொல்கிற மடை ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதன் இரண்டு கால்களையும் ஒன்றாகப் பற்றவைத்து ஒரே வயலின் பேச்சைக் கேட்க வைத்தவள் அவள்தான். பிரித்துவிட்டால் போதும். ஒரு கால் நமக்கு, ஒரு கால் அவர்களுக்கு.

ஈயத்தைச் சூடாக்கி வாயால் ஊதி ஊதிப் பிரித்தாள்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க வயல்ல போய் கம்பி நடறதா? வேற வம்பே வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இப்படிச் செஞ்சா என்ன? கம்பியை அவங்க வயல்ல மட்டும் நட்டுடு. அது நிறைஞ்சா நம்மளது நிறைஞ்சிருக்கும்ல?" என்றார்.

"நம்மளது மேட்டு வயல்ணே. முதல்ல காயறது நம்மளதுதான். அவங்க வயல்ல தண்ணி நிக்கும், மோட்டார் ஓடாது, நம்ம நாத்து போயிடும்."

அப்பா யோசித்தார். "சரி, அவங்க வயல் நிறையற வரைக்கும் ஓடினா நம்ம முளை அழுகாதா?"

"மடை இருக்குல்ல. அதுக்கு மேல நம்ம வயல்ல எப்படி நிக்கும்? நீங்க கீறினதுக்கு ஒரு விரல்தான் கூட, முன்ன நின்ன அளவுதான்."

"அது சரிதான்," என்றார் அப்பா. டப்பாவைப் பற்றி அவர் கேலி இல்லாமல் பேசியது அன்றுதான்.

பெரியம்மா இன்னும் கடினம். "கரண்ட்டு ஒயரு என் வரப்புல வேணாம். மாடு கன்னு நடக்கற இடம். தண்ணி வந்தா போதும், தந்தி வேணாம்."

அத்தை டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கொண்டு வந்திருந்தாள். "கம்பியில இவ்வளவுதான் அண்ணி ஓடும்," என்று அதன் இரண்டு குமிழையும் நாக்கில் வைத்துக் காட்டினாள்.

"மாதாவே! துப்புடி!"

"ஒண்ணும் ஆகாது. லேசாப் புளிக்கும்."

"பொய் சொல்றே. இன்னொரு தடவை வை, பார்க்கறேன்."

அத்தை வைத்தாள். பெரியம்மா மகள் பிடுங்கித் தன் நாக்கில் வைத்துக்கொண்டு குதித்தாள். கடைசியில் பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கு நுனியால் தொட்டார். முகத்தைச் சுளித்தார். "உப்புக் குறைச்ச ஊறுகா மாதிரி இருக்கு," என்றார். அது சம்மதம்.

மறுநாள் ஒயருக்கு முளைக்குச்சி வேண்டும் என்று அத்தை தேடியபோது, கொட்டகை ஓரத்தில் சீவி அடுக்கி வைத்த மூங்கில் குச்சிகள் இருந்தன. பக்கத்தில் அப்பாவின் அரிவாள் கிடந்தது.

பிற்பகலில் கரண்ட் வந்தது. மோட்டார் தானாக உறுமியது. குழாய் இரண்டு தடவை இருமி, செம்பழுப்பாய்த் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. அப்பா மேட்டு வரப்பில். பெரியம்மாவும் மகளும் கீழ் வரப்பில். அத்தை நடுவில், மடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். எங்கள் வயலில் தண்ணீர் ஏறியது. அப்பாவின் நகக்கீறலைத் தொட்டது. போன வாரம் வரை இங்கேதான் மோட்டார் நின்றது.

நிற்கவில்லை.

"ஓடுது," என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்பது தெரியாதவர் மாதிரி. "ஓடுது, ஓடுது."

தண்ணீர் மடையை எட்டியது. ஒரு நூல் போல வழிந்து, பின் நாக்கு போல நீண்டு, வெடித்த மண்ணுக்குள் இறங்கியது. வெடிப்புகள் குடிக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த மண் தண்ணீரை வாங்கும்போது வருமே, அந்தச் சத்தம். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். அவர் கணுக்காலில் காட்டிய உயரத்துக்குத் தண்ணீர் வரும்வரை அப்படியே நின்றார். வந்தது. மோட்டார் நின்றது.

வயல்வெளியில் மற்ற மோட்டார்களின் ரீங்காரம் மட்டும் இருந்தது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அத்தையைப் பார்க்கவில்லை. கீழ் வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணி, அடுத்த வாரம் நான் ஊர்ல இருக்க மாட்டேன். பெங்களூர் வரைக்கும் போயிட்டு வரேன்."

"நீங்களா? நாத்தங்காலை விட்டுட்டா? அங்க என்ன வேலை?"

"ஒரு பொண்ணைக் கொண்டு விடணும்."

அத்தை மடையருகே குனிந்து, நேராகவே நின்ற ஸ்போக்ஸ் கம்பியை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பிய நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமுவது கேட்டது. அம்மா ஒரு நிமிடம் பொறுத்தாள். பிறகு, "சும்மா ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்," என்று கிளம்பினாள். நானும் ஓடினேன். எதிர் வரப்பில் பெரியம்மாவும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். மடையருகில் நால்வரும் சந்தித்தோம்.

"தானா நிக்கும்னு சொன்னாங்களே, நீ எதுக்கு வந்தே?" என்றார் பெரியம்மா.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

இருவரும் சிரித்தார்கள். எங்கள் வயல் நிறைந்து, அவர்கள் வயலும் நிறைந்து, மோட்டார் நின்றது. வெளுத்த நுனிகளுக்குக் கீழே புதுக் குருத்து விட்டிருந்தது. பார்க்க வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பெங்களூரில் குளிர் எப்படி இருக்கும், ஹாஸ்டலில் புளிக்குழம்பு வைப்பார்களா, கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாமே என்று இருட்டும்வரை வரப்பிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.